குடிக்கும் போதைக்கும் சிகிச்சை, கொங்கு நாட்டில் எங்கே போவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டுப் பக்கம் குடிநோயாளிகளின் குடும்பங்களோடு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து கிடைத்த பதில்கள் இவை. கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

"நல்ல சென்டர் ஒண்ணு சொல்லுங்க. கொஞ்சம் தூரமா இருந்தாத் தேவலைங்க, ஒறம்பரைக்கெல்லாம் (சொந்தக்காரர்களுக்கெல்லாம்) தெரிஞ்சிரும்."

பத்துப் பேர் வந்தால் ஒன்பது பேர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். என் பதில்: தூரம் வேண்டாம். ஒரே பஸ்ஸில் போய் மதியத்துக்குள் வீடு திரும்புகிற தொலைவில் பாருங்கள்.

என் பெரியப்பா மகனை நாங்களும் அப்படித்தான் தூரமாகக் கொண்டுபோனோம். மஞ்சள் விற்ற காசைக் கட்டி, நான்கு மாவட்டம் தாண்டி ஒரு மையத்தில் இரண்டு மாதம் வைத்திருந்தோம். தேறி, கன்னத்தில் சதை வைத்து, ஒரு வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தார். அடுத்த சனிக்கிழமை தாண்டவில்லை, திரும்பக் குடித்துவிட்டார். அவருக்கு என்ன மாத்திரை கொடுத்தார்கள், எதை நிறுத்தினார்கள் என்று தெரிந்த மருத்துவர் ராத்திரி பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருந்தார். யார் போவது? இந்த நோயில் படுத்து எழுகிற நாட்கள் கொஞ்சம். அதற்கப்புறம் ஒரு வருடத்துக்குப் பத்துப் பதினைந்து தடவையாவது போய் மருத்துவரைப் பார்க்கிற வேலைதான் பெரிது. காங்கேயம் மாட்டுக்கு வைத்தியம் என்றால் பக்கத்து ஊர் ஆளைத்தான் தேடுவோம், நாளைக்கும் நாளன்னைக்கும் வந்து பார்க்க வேண்டுமே என்று. மனுசனுக்கு மட்டும் ஏன் தூரம்?

ஊருக்குத் தெரியும் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் டாஸ்மாக் முன்னால் விழுந்து கிடந்ததைப் பார்த்த ஊர், ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதைப் பார்த்தால் புதிதாக என்ன குறைந்துவிடப் போகிறது?

"சரிங்க, பக்கத்துலன்னா எங்கே?"

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. அங்கே ஆரம்பியுங்கள். பணம் இருக்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

கோவைக்குத் திருச்சி ரோட்டில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஈரோட்டுக்காரர்களுக்கு இரண்டு வழி: ஊருக்குள்ளேயே அரசுத் தலைமை மருத்துவமனை, இல்லையென்றால் பெருந்துறை சானடோரியத்தில் அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் பெயரில் இருக்கும் மருத்துவக் கல்லூரி. கரூரில் 2019 முதல் மருத்துவக் கல்லூரி நடக்கிறது. திருப்பூர், நாமக்கல், நீலகிரி மூன்றுக்கும் 2022 ஜனவரியில் வந்தது. மருத்துவக் கல்லூரி என்றால் மனநலத் துறை இருந்தாக வேண்டும், அதனால் 'எங்க மாவட்டத்துல ஒண்ணுமே இல்லை' என்ற பேச்சுக்கு இப்போது இடமில்லை. 2025-இல் மாநில அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்களைத் திறந்தது. உங்களுக்குக் கிட்டத்தில் எது என்று அரசின் மருத்துவ உதவி எண் 104-க்கு அடித்துக் கேட்கலாம்.

கோபி, சத்தி, தாராபுரம், உடுமலை, ராசிபுரம் மாதிரி ஊர்க்காரர்கள் மாவட்டத் தலைநகருக்கு ஓடுவதற்கு முன் உங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை கேளுங்கள்: "மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் என்னைக்கு வர்றாருங்க?" அந்தத் திட்டத்துக் குழு குறித்த நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கு வருவதுண்டு. சீட்டு எழுதுகிற இடத்தில் தெரியவில்லை என்றாலும் செவிலியர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொரு வகை, மத்திய சமூக நீதி அமைச்சகம் பணம் கொடுத்துத் தொண்டு நிறுவனங்கள் நடத்துகிற மறுவாழ்வு மையங்கள். அங்கே தங்கிச் சிகிச்சை பெறக் கட்டணம் இல்லை. உங்கள் மாவட்டத்தில் எது என்பதை 14446 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். பேசத்தான் ஆள் வேண்டும் என்றால் 14416. அது 'டெலி மானஸ்', 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

"அது மனநல டிபார்ட்மெண்ட்டுங்களே. எங்கூட்டுக்காரரு என்ன பைத்தியமா?"

இல்லை. ஆனால் குடி போய்ப் பிடித்திருப்பது மூளையை, அதற்கு வைத்தியம் படித்தவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் மது, போதையால் வருகிற மனநிலைக் கோளாறுகளைத் தன் வரம்புக்குள் சேர்த்திருக்கிறது. இந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர். 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ கிடைத்திருக்கிறது. மிச்சம் 37 பேரில் பாதிப் பேர் இந்தப் பலகைக்குப் பயந்தவர்கள் என்பது என் கணக்கு.

"மருந்தெல்லாம் எதுக்குங்க? கார்த்திகையில மாலை போட்டுட்டா தொடவே மாட்டாரு. போன வருசம் கயித்தைக் கட்டி மூணு மாசம் இருந்தாரு."

மாலையையும் கயிற்றையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். மூன்று மாதம் தொடாமல் இருந்தார் என்றால் அந்த மனுசனால் முடிகிறது என்று அர்த்தம். மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டிய சேதி அது.

பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. தினமும் காலையில் கண் விழித்ததும் கட்டிங் போட்டால்தான் கை நிற்கும் என்கிற நிலைக்குப் போனவர், ஒரே நாளில் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்காம் நாளுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கும்: இல்லாத பூச்சியை உடம்பிலிருந்து தட்டிவிடுவார், செத்துப்போன அப்பிச்சியோடு (தாத்தாவோடு) பேசுவார், ராத்திரியில் எழுந்து தோட்டத்துப் பக்கம் ஓடுவார். 'பேய் பிடிச்சிருச்சு' என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் நேரத்தை விட்டவர்கள் உண்டு. வைத்தியம் பார்க்காவிட்டால் அந்த நிலையில் ஆள் இறந்துபோகலாம்.

2020 மார்ச் ஊரடங்கில் டாஸ்மாக்கை மூடினார்களே, நினைவிருக்கிறதா? மே மாதம் கடை திறக்கும் வரை எத்தனை வீட்டில் இந்தக் கூத்தைப் பார்த்தோம். அந்த வீட்டாருக்கு அது வியாதியின் அறிகுறி என்றே தெரியாது.

அதனால் மாலை போடுகிறவர் தாராளமாகப் போடட்டும், பழனிக்குக் காவடி எடுக்கட்டும். அதற்குப் பத்து நாள் முன்னால் மருத்துவரைப் பார்த்து, மருந்தின் துணையோடு குடியை இறக்கிவிட்டுப் போடட்டும். இன்னொன்று. மாலை போட்ட நாளைவிட மாலையைக் கழற்றுகிற நாள்தான் எனக்குப் பயம். கழற்றுவதற்கு முந்தின வாரமே மருத்துவரிடம் போய், ஆசையைக் குறைக்கிற மாத்திரை பற்றிக் கேளுங்கள்.

"எப்ப 108-ஐக் கூப்பிடறதுங்க?"

வலிப்பு ஒரு தடவை வந்தாலே. ஆள் இடம், நேரம் தெரியாமல் உளறினாலே. காய்ச்சலோடு உடம்பு தூக்கிப்போட்டால், ரத்த வாந்தி எடுத்தால், எழுப்ப எழுப்ப எழாமல் குறட்டை மாதிரி மூச்சு இழுத்தால், செத்துப்போறேன் என்று சொன்னால். மயங்கிக் கிடப்பவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். புளித்தண்ணி, மோர் எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "தினமும் குடிக்கிறவரு, நிறுத்தி இத்தனை நாள் ஆச்சு." தைரியமாகச் சொல்லுங்கள், மறைத்தால் மருந்து மாறிப்போகும். குடிநோயாளிக்கு வைட்டமின் பி1 ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்குக் கெடுதல் வரலாம். அந்த ஒரு வார்த்தைக்காக மருத்துவர் உங்களுக்கு நன்றி சொல்வார்.

"எத்தனை நாள் படுக்கோணுங்க? தறி நிக்குதுங்க."

நடுக்கத்தை அடக்கி உடம்பை நிலைக்குக் கொண்டுவர ஐந்து முதல் பத்து நாள் ஆகும். இதற்கு எல்லாரும் படுத்தாக வேண்டும் என்றில்லை. முன்பு வலிப்பு வராதவர், வீட்டில் மாத்திரையை எண்ணிக் கொடுக்க ஒரு ஆள் இருக்கிறவர், ஓபியிலேயே பார்த்துக்கொள்ளலாமா என்று மருத்துவர் தீர்மானிப்பார். ஏற்கெனவே வலிப்பு வந்தவர், ஈரல் கெட்டவர், தனியாக இருப்பவர் படுத்துத்தான் ஆக வேண்டும்.

பத்து நாளில் ஆள் தெளிந்து, வீட்டுக்கு விடுங்கள் என்பார். குடும்பமும் 'சரியாயிருச்சு' என்று நம்பும். உண்மையில் இப்போதுதான் ஆரம்பம். உள்ளே தங்கி ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆலோசனை பெறுகிற மறுவாழ்வு மையம் சிலருக்குத் தேவைப்படும். வேலைக்குப் போய்க்கொண்டே வாரம் ஒரு தடவை வந்து போவது சிலருக்குப் போதும். அந்தந்த ஆளைப் பொறுத்தது. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் மாதிரி ஆசையைத் தணிக்கும் மருந்துகள் உண்டு. ஈரலைப் பார்த்துவிட்டுத்தான் எது என்று மருத்துவர் எழுதுவார். பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைக் கொண்டுபோய் மெடிக்கலில் வாங்காதீர்கள்.

ஆழ்துளைக் கிணறு போடப் போகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வண்டி வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்பாது, மாத்திரை நின்றுவிடும். 'நான் ரிக் வண்டியில போறவன்' என்று முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிட்டால், மாத்திரையையும் அடுத்த தேதியையும் அதற்குத் தகுந்த மாதிரி அமைக்க முடியும்.

"சோத்துல தெரியாமக் கலக்கற மருந்து ஒண்ணு இருக்குதாமே?"

இருக்கிறது, கலக்காதீர்கள். பெயர் டைசல்ஃபிராம். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கிப்போகும். இதயம் பலவீனமானவருக்கு உயிர் போகலாம். என்ன ஆகும் என்று தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடுகிறவருக்கு அது ஒரு வேலி. தெரியாமல் கொடுத்தால் விஷம். 'மூன்று நாளில் குடியை மறக்கடிக்கும் மூலிகைப் பொடி' என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருப்பதில் உள்ளே என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது.

"கள்ளு மட்டும்தானுங்க குடிக்கிறாரு. அது உணவுங்களே?"

கள் இறக்க அனுமதி வேண்டும் என்று நம் விவசாயிகள் நடத்தும் போராட்டத்தின் நியாயம் தனி. 1987-இலிருந்து தடை இருக்கிறது, அது அரசியல். ஈரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. காலையில் அது இல்லாமல் கை நடுங்குகிறது என்றால் மேலே சொன்னதெல்லாம் கள்ளுக்கும் சேர்த்துத்தான்.

"கூப்பிட்டா வரவே மாட்டேங்கறாருங்க. போன் பண்ணினா ஆளோட வந்து தூக்கிட்டுப் போற சென்டர் இருக்குதாம். விட்டுரலாமுங்களா?"

வேண்டாம். கை கால் கட்டி வேனில் ஏற்றிப்போன ஆள் திரும்பி வந்து முதலில் வெறுப்பது மனைவியைத்தான். குடியை விடுவது அப்புறம்.

சட்டமும் அப்படி விடவில்லை. சுயமாக முடிவெடுக்க முடிகிற ஆளை அவர் சம்மதத்தோடுதான் சேர்க்க வேண்டும். 'டிஸ்சார்ஜ் பண்ணுங்க' என்று அவர் கேட்டால் விட வேண்டும். மருத்துவர் தேவை என்று கருதினால் 24 மணி நேரம் வரை நிறுத்தி வைத்துப் பரிசோதிக்கலாம், அவ்வளவுதான். சுயநினைவு கலங்கித் தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில் மட்டும், அவருடைய பிரதிநிதி கேட்டுக்கொண்டு, மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்தபின் 30 நாள் வரை வைக்கலாம். சங்கிலியால் கட்டுவது எந்த விதத்திலும் குற்றம். அடித்தார்கள், பூட்டி வைத்தார்கள் என்று ஒரு மையத்தைப் பற்றிக் காதில் விழுந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அப்புறம் எப்படி வர வைப்பது? குடித்திருக்கும்போது பேசுவதை முதலில் நிறுத்துங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு அழுது சொன்னது காலையில் அவருக்கு ஞாபகமே இருக்காது. விடியற்காலையில், தெளிந்திருக்கும்போது, டம்ளரில் காபியைக் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு விசயத்தை மட்டும் சொல்லுங்கள். "போன வாரம் வண்டியில இருந்து விழுந்தீங்க, பாப்பா பார்த்துட்டு ராத்திரியெல்லாம் தூங்கலை." பட்டியல் போடாதீர்கள். யார் சொன்னால் கேட்பாரோ அந்த ஆளை, ஒரு மாமாவோ பழைய முதலாளியோ, கூட்டி வாருங்கள். 'குடிக்கு வைத்தியம்' என்றால் வராதவர், வயிற்று எரிச்சலுக்கும் கால் மதமதப்புக்கும் வருவார். பொது மருத்துவரிடம் காட்டுங்கள், மனநலப் பிரிவுக்கு அவரே அனுப்புவார்.

எதற்கும் மசியவில்லையா? நீங்கள் மட்டும் போங்கள். நோயாளி இல்லாமல் குடும்பத்தார் வந்து ஆலோசனை கேட்பது வழக்கத்தில் உள்ளதுதான்.

"தனியார் சென்டருக்குத்தான் போறோம்னு முடிவு பண்ணிட்டோம். என்ன பாக்கோணுங்க?"

நல்ல தனியார் இடங்கள் இருக்கின்றன. கோவையில் பெரிய தனியார் மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. தங்கிச் சிகிச்சை என்றால், 'மாநில மனநல ஆணையத்தில் பதிவு செஞ்ச சான்றிதழ் எங்கீங்க?' என்று முதலில் கேளுங்கள். அதைப் பார்வைக்கு வைத்திருக்க வேண்டும். மழுப்பினால் வெளியே வந்துவிடுங்கள். மனநல மருத்துவர் எந்தெந்தக் கிழமை வருகிறார், ராத்திரி வலிப்பு வந்தால் யார் பார்ப்பார் என்று கேளுங்கள். 'இங்கே குடிச்சுத் திருந்தினவங்கதான் எல்லாம் பார்த்துக்கறாங்க' என்பது ஆலோசனைக்குச் சரி, வலிப்புக்குச் சரியாகாது.

சமையல்கட்டையும் கக்கூஸையும் பாருங்கள். வீட்டாரைப் பார்க்க விடுவார்களா, போனில் பேசலாமா? 'முதல் மாசம் யாரும் வரக் கூடாது' என்றால் எனக்கு நெஞ்சு உறுத்தும். மூன்று மாதப் பணத்தையும் முன்னாலேயே கேட்டால் ரசீதோடு மாதாமாதம் கட்டுகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். '100 சதவீதம் குணம்' என்று போர்டு வைத்திருந்தால் அவர்களுக்கு இந்த நோயே தெரியாது என்று அர்த்தம்.

"இன்சூரன்ஸ் வருமுங்களா?"

மனநோயையும் உடல்நோயைப் போலவே காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான தனியார் பாலிசிகளில் 'மது, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சைக்குக் கிடையாது' என்று விலக்கு போட்டிருப்பார்கள். சேருவதற்கு முன்னாலேயே பாலிசிக் காகிதத்தில் விலக்குகள் பக்கத்தைப் பாருங்கள். ஈஎஸ்ஐ பிடிக்கிற பனியன் கம்பெனி, மில் தொழிலாளிகள் ஈஎஸ்ஐ அட்டையோடு தங்கள் டிஸ்பென்சரியில் தொடங்கலாம், அங்கிருந்து சிங்காநல்லூர் ஈஎஸ்ஐ மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். அரசு ஆஸ்பத்திரியில் இந்தக் கவலையே இல்லை.

"எம் பையன் குடிக்கறதில்லீங்க. வலி மாத்திரையைக் கரைச்சு ஊசி போட்டுக்கறான். வெளிய சொன்னா போலீஸ் கேஸ் ஆயிருமுங்களா?"

இந்தக் கேள்வி பத்து வருடத்துக்கு முன் என்னிடம் வந்ததே இல்லை. இப்போது கோவை, திருப்பூர், ஈரோடு மூன்று ஊரிலும் வருகிறது. டேபென்டடால் என்ற கடுமையான வலிநிவாரணி மாத்திரையை, மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாததை, கள்ளத்தனமாக வாங்கித் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றுகிறார்கள். மாத்திரையில் இருக்கும் மாவு ரத்தக்குழாயை அடைக்கும், கை புண்ணாகும், அழுகும். ஒரே ஊசியை நான்கு பேர் மாற்றிக்கொள்வதால் எச்ஐவி, மஞ்சள் காமாலை சி வைரஸ் இரண்டும் பரவும். முதல் நாளே அந்த இரண்டு பரிசோதனையையும் செய்யச் சொல்லுங்கள், அரசு நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை இலவசம், ரகசியம்.

போலீஸ் பயம் பற்றி. மருத்துவரிடம் சொல்வது ரகசியம், அதைக் காக்க வேண்டியது சட்டக் கடமை. கஞ்சா போன்ற தடைசெய்த பொருளைப் பயன்படுத்தியதாக அல்லது சிறிய அளவு வைத்திருந்ததாக வழக்கு வந்தாலும், 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: அடிமையானவர் தானாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போகும். விற்றவனுக்கு இது பொருந்தாது. வழக்கு ஏற்கெனவே இருந்தால், மாவட்ட இலவசச் சட்ட உதவி மையத்தில் வக்கீலைக் கேட்டுவிட்டு நகருங்கள்.

இந்த மாத்திரையை நிறுத்தினால் உடம்பு முறிகிற வலி, வயிற்றுப்போக்கு, மூக்கொழுகல், தூக்கமின்மை என்று ஒரு வாரம் போட்டு எடுக்கும். வேதனை பெரிது, ஆனால் குடியை நிறுத்துவதுபோல் வலிப்பு வருவது அபூர்வம். பியூப்ரினார்ஃபின் போன்ற மாற்று மருந்து இதற்கு உண்டு, மருத்துவர் கண்காணிப்பில் மாதக்கணக்கில் கொடுப்பார்கள். 'இது ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை' என்று சொல்லி நிறுத்தச் சொல்லும் ஒறம்பரையை வீட்டுக்குள் விடாதீர்கள். உயிர் போகிற இடம் ஒன்று இருக்கிறது: ஒரு மாதம் நிறுத்தியிருந்த பையன், பழைய அளவையே திரும்ப ஏற்றிக்கொண்டால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடும். சிகிச்சை முடிந்து வந்தவனிடம் இதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

"பையனுக்குப் பதினாறுதானுங்க ஆகுது."

பெரியவர்கள் வார்டில் சேர்க்கக் கூடாது, தனியிடம் வேண்டும். உள்ளே இருக்கிற அத்தனை நாளும் பெற்றோரோ அவர்கள் சார்பில் ஒருவரோ கூடவே தங்க வேண்டும், சட்டமே அப்படி. 'விட்டுட்டுப் போங்க' என்று சொல்கிற இடத்தில் விடாதீர்கள். கூல் லிப் புகையிலை, கஞ்சா என்று பள்ளிக்கூடத்து வாசலில் யாராவது விற்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லலாம். குழந்தைக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கு ஏழு வருடம் வரை சிறை.

"பொம்பளைங்களுக்கு இருக்குதுங்களா?"

குறைவு. தங்கும் மையங்கள் பெரும்பாலும் ஆண்களுக்கானவை. பெண்ணுக்கு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவின் பெண்கள் வார்டுதான் நடைமுறையில் நம்பகமான வழி. கட்டட வேலைக்குப் போகிற அக்கா ஒருத்தி, உடம்பு வலிக்குத் தொடங்கியது என்றாள். அவளைக் கூட்டிவர வீட்டில் ஒருவரும் தயாராக இல்லை. கணவன் குடித்தால் மனைவி வரிசையில் நிற்கிறாள். மனைவி குடித்தால் அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கர்ப்பிணியாக இருந்தால் சொந்தமாக நிறுத்த வேண்டாம், உடனே மருத்துவரிடம்.

"எங்க கம்பெனியில வேலை செய்யற ஒடிசாப் பையன். தமிழ் தெரியாது."

14416-இல் தமிழ் தவிர இந்தி, ஒடியா என்று பல மொழிகளில் பேசுவார்கள். போனைப் போட்டு அவன் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் தள்ளி நில்லுங்கள்.

"குடிக்கிறவங்களே கூடிப் பேசற கூட்டம் ஒண்ணு இருக்குதாமே?"

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது. நம் பக்கமும் தமிழில் கூட்டங்கள் நடக்கின்றன. பணம் கிடையாது, பெயர் கேட்பதில்லை, 'நான் ஒரு குடிநோயாளி' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும். மருந்துக்குப் பதில் இல்லை இது, மருந்தோடு சேர்ந்து ஓடுகிற வண்டி. பெரியப்பா மகன் என்றேனே, அந்த அண்ணன் இரண்டாம் தடவை குடியை நிறுத்தியது இந்தக் கூட்டத்தில்தான். முதல் நாள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே பார்த்தால் ஊரில் அவருக்குக் கடன் கொடுத்த மளிகைக்கடைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். வீட்டாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு.

"நாலு மாசம் நல்லா இருந்தாருங்க. நோம்பிக்கு (திருவிழாவுக்கு) போனவரு குடிச்சுட்டாரு. எல்லாம் வீணாப் போச்சுங்க."

நாலு மாதம் வீணில்லை. ஈரலுக்கு நாலு மாத ஓய்வு, பிள்ளைகளுக்கு நாலு மாதத் தூக்கம். இந்த நோயில் வழுக்குவது சகஜம். மறுநாளே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அடுத்த தேதி வரும் வரை காத்திருந்தால் தினமும் குடிக்கிற பழைய நிலை திரும்பிவிடும். அவர் மறைக்கப் பார்ப்பார், திட்டி அனுப்பிவிடுவார்களோ என்று பயம். உண்மையில் மருத்துவர் கேட்கப் போவது, எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு, கையில் எவ்வளவு பணம் என்பதைத்தான்.

பாதிப் பேருக்கு விடை சனிக்கிழமை சாயந்திரம். சம்பளம் கைக்கு வரும், தறிப்பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் கடை. சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லி முதலாளியைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள், சனிக்கிழமை மட்டும் மகன் வண்டியில் கூட்டிவரப் போனவர்கள் இருக்கிறார்கள். கிடாவெட்டு, கல்யாண வீட்டுப் பந்தலுக்குப் பின்னால் நடக்கிற குடிக் கச்சேரி, இரண்டையும் முதல் வருடம் தவிர்த்துவிடுங்கள். மொய் எழுதிவிட்டுச் சாப்பிட்ட கையோடு கிளம்பினால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

"அவரு அடிக்கறாருங்க. அவரு தெளியற வரைக்கும் நான் என்ன பண்றது?"

காத்திருக்க வேண்டியதில்லை அம்மிணி. குடிநோய் வியாதி, அடிப்பது குற்றம். பெண்கள் உதவி எண் 181-க்கு எந்த நேரமும் அடிக்கலாம். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் அதே வீட்டில் பாதுகாப்போடு இருக்கிற உரிமை உங்களுக்கு உண்டு, மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார். ஆதார், நகை, பிள்ளைகளின் சான்றிதழை நம்பிக்கையான வீட்டில் வைத்துவிடுங்கள். அவரைச் சிகிச்சைக்குச் சேர்ப்பதும் நீங்கள் புகார் கொடுப்பதும் ஒன்றுக்கொன்று தடையில்லை.

"நாளைக்கே போறோமுங்க. என்ன எடுத்துட்டுப் போகோணும்?"

காலையில் போங்கள். ஓபி சீட்டு காலையில்தான் போடுவார்கள், கூட்டம் இருக்கும். ஆதார், பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகள், அவர் இப்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரையின் அட்டையும், சர்க்கரை மாத்திரை உட்பட. ஒரு துண்டுத்தாளில் மூன்று விசயம்: தினமும் எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, முன்பு வலிப்பு வந்திருக்கிறதா. படுக்கச் சொன்னாலும் சொல்வார்கள், ஒரு வேட்டி, துண்டு, டம்ளர். நடுக்கம் அதிகமென்றால் காலையில் 'கொஞ்சமே கொஞ்சம்' கேட்பார். அதை நீங்களாக முடிவு செய்யாமல் முந்தின நாளே 104-இல் கேட்டு வையுங்கள். வரிசையில் அவருக்குப் பொறுமை போய் 'போலாம் வா' என்பார், பதினோரு மணி வாக்கில். கூட ஒரு ஆம்பிளை ஆளும், பையில் நாலு இட்லியும் இருக்கட்டும்.